சிஐ பைப்லைன் போட முதலில் எந்தக் கமாண்ட் லைன் டூலைப் பழகலாம்?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன புரொஜெக்ட் செய்கிறோம். சிஐ, சிடி போட ஆசை. ஜென்கின்ஸ், கிட்லாப், ஆக்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நெட்டும் மெதுவு. முதலில் எதைப் பழக?"

கோட் மாறும் ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டிப் பார்ப்பது சிஐ, தேறியதைத் தானாக வெளியிடுவது சிடி, இந்த வேலைகளின் தொடர்தான் பைப்லைன். முதலில் மேக்கைப் பழகுங்கள். கட்டளைகளை மேக்ஃபைல் என்ற ஒரு ஃபைலில் எழுதி வைத்து, பெயர் சொல்லி ஓட்டும் கருவி அது. 1976இல் பெல் லாப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய அதே மேக்தான். அதோடு சேர்த்து எக்ஸிட் கோட் என்றால் என்ன என்பதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் ஜென்கின்ஸோ கிட்லாபோ ஒரு கிழமை வேலை. இரண்டும் தெரியாமல் எந்தப் பெரிய சிஸ்டத்துக்குப் போனாலும், நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள்.

நான் கிளிநொச்சியில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். லாப்டாப்பில் சார்ஜ் இருக்கும், கோடும் எழுதி முடிந்திருக்கும். ஆனால் டெஸ்ட் ஓடுமா என்று பார்க்க வழி இருக்காது. டெஸ்ட்டுக்கான கட்டளைகள் எல்லாவற்றையும் கிட்ஹப்பின் பைப்லைன் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன், அவை ஓடுவது அங்கே மட்டும்தான். அந்த நாட்களில்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி மேக்ஃபைலுக்குள் கொண்டுவந்தேன். இப்போது என் பைப்லைன் ஃபைலில் இருக்கும் வேலை ஒரே வரி: மேக் டெஸ்ட். லாப்டாப்பில் நான் அடிப்பதும் அதே வரி. நெட் இல்லாமலே பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி, சிக்னல் வந்த பிறகு ஒரே ஒரு தடவை தள்ளுகிறேன்.

ஆக்ட் நல்ல கருவிதான், கிட்ஹப் பைப்லைனை உங்கள் கணினியிலேயே ஓட்டிக் காட்டும். ஆனால் அதற்கு டொக்கர் வேண்டும், தேவையான மென்பொருள்கள் எல்லாம் அடங்கிய இமேஜ் என்ற பொதியை இறக்கி ஓட்டும் கருவி அது. நடுத்தர இமேஜே ஏறத்தாழ 500 எம்பி, பெரியது பத்து ஜிபிக்கும் மேல். மொபைல் டேட்டாவில் இருப்பவருக்கு நான் அதை முதலில் சொல்லமாட்டேன்.

இனி எக்ஸிட் கோட். இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எந்தக் கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் சரி, வேறு எதுவானாலும் பிழை. பைப்லைன் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். திரையில் சிவப்பில் எத்தனை வரி ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. நெல் வாங்கும் இடத்தில் ஈரம் பார்க்கும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 14 சதவீதத்துக்குள் என்று மீட்டர் காட்டினால் மூடை ஏறும். அளந்தது வேறு மூடையை என்றால்?

எனக்கு நடந்தது அதுதான். ஒரு நெல் ஆலைக்கு, கொள்வனவுத் துண்டு அச்சிடும் மென்பொருள் எழுதியிருந்தேன். சின்ன தெர்மல் பிரிண்டர், பெயருக்கு ஒதுக்கியது 16 இடம். பைத்தானில் எழுத்தை எண்ணினால் யூனிகோட் குறிகளைத்தான் எண்ணும். நாங்கள் "சிவலிங்கம்" என்றால் ஆறெழுத்து என்போம், பைத்தான் பத்து என்று சொல்லும். கொம்பும் விசிறியும் குத்தும் அதற்குத் தனித்தனி. ஆகவே தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக வந்தால் 16இல் வெட்டும்போது கடைசிக் குத்து மட்டும் கழன்று போகலாம். இது நடக்கும் என்று தெரிந்துதான் அதற்கென்றே ஒரு டெஸ்ட் எழுதியிருந்தேன். பிறகு ஒருநாள் வெட்டும் இடத்தைத் திருத்தும்போது கை தவறியது. டெஸ்ட் அதைச் சரியாகப் பிடித்தது. ஆனால் பைப்லைனில் பச்சைச் சரி விழுந்தது, புதிய பதிப்பு ஆலைக்குப் போனது.

காலபோக அறுவடை நேரம். துண்டை வாங்கிய ஐயா ஒருவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ர பேரில கடைசிக் குத்தைக் காணேல்லை. பாங்கில பேர் பிழையெண்டு திருப்பிவிடுவினம்" என்றார். அவர் பின்னால் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. அன்று பின்னேரம் வரை ஒவ்வொரு துண்டிலும் பேனாவால் குத்துப் போட்டுக் கொடுத்தோம்.

இரவு பதிவைத் திறந்தால், "1 ஃபெயில்ட்" என்று தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே பச்சைச் சரியும் இருக்கிறது. காரணம் நான் எழுதிய இந்த வரி:

பைடெஸ்ட் | டீ பதிவு.டெக்ஸ்ட்

பைடெஸ்ட் என்பது பைத்தான் டெஸ்ட்களை ஓட்டும் கட்டளை. அதன் விடையைத் திரையிலும் காட்டி ஃபைலிலும் சேமிக்க டீ என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். இப்படி | என்ற குழாயால் இணைத்தால், கட்டளைகளை ஓட்டும் ஷெல், கடைசியில் நிற்கும் கட்டளையின் எண்ணைத்தான் தரும். பைடெஸ்ட் 1 என்று சொன்னது. டீ தன் வேலையை ஒழுங்காக முடித்து 0 என்றது. பைப்லைனுக்குப் போனது டீயின் 0.

இப்போதே உங்கள் டெர்மினலில் பாருங்கள். ஃபால்ஸ் எப்போதும் 1 தரும் கட்டளை. "ஃபால்ஸ் | கேட்" என்று அடித்து, வந்த எண்ணைக் காட்ட அடுத்ததாக "எக்கோ $?" கொடுங்கள், 0 வரும். பிறகு "செட் -ஓ பைப்ஃபெயில்" கொடுத்துவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள், 1 வரும். குழாயில் எந்தக் கட்டளை விழுந்தாலும் பிழை என்று சொல்ல வைப்பதுதான் பைப்ஃபெயில். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பின் சிஐ) ஷெல் எது என்று சொல்லாமல் விட்டால், பாஷ் என்ற ஷெல்லை, பிழை வந்தால் நிற்கச் சொல்லும் -ஈ உடன் மட்டும் ஓட்டும், பைப்ஃபெயில் இருக்காது. "ஷெல்: பாஷ்" என்று நீங்களே எழுதினால்தான் பைப்ஃபெயிலும் சேரும். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் பச்சைச் சரியை நம்பிக்கொண்டிருக்கிறார்களோ என்று எனக்கு இப்போதும் பயம்.

மேக்கிலும் இதே பொறி இருக்கிறது. அது வரிகளை ஓட்டுவது எஸ்ஹெச் என்ற ஷெல்லில், உபுண்டுவில் அது டாஷ். மேக்ஃபைலின் தலையில் ஷெல்லைப் பாஷ் என்று மாற்றி, .ஷெல்ஃபிளாக்ஸில் "-ஈயு -ஓ பைப்ஃபெயில் -சி" என்று போட்டுவிடுங்கள். ஆப்பிள் கணினி வைத்திருந்தால் கவனம், அதோடு வரும் மேக் 3.81 பதிப்புக்கு .ஷெல்ஃபிளாக்ஸ் தெரியாது, புதியதை நிறுவவேண்டும்.

இன்னொன்று. புரொஜெக்டுக்குள் "டெஸ்ட்" என்ற பெயரில் ஃபோல்டர் இருந்தால், மேக் டெஸ்ட் என்று அடித்ததும் "ஏற்கெனவே அப் டு டேட்" என்று சொல்லி 0 கொடுத்துவிடும். ஒரு டெஸ்ட்டும் ஓடியிருக்காது, ஆனால் பச்சை. மேக் அந்தப் பெயரை, தான் உருவாக்கவேண்டிய ஃபைல் என்று நினைப்பதால் வருவது இது. ".ஃபோனி: டெஸ்ட்" என்று ஒரு வரி சேர்த்தால் தீரும். கட்டளை வரிக்கு முன்னால் ஸ்பேஸ் அல்ல, டேப் வேண்டும் என்பதும், ஒவ்வொரு வரியும் தனி ஷெல்லில் ஓடுவதால் மேல் வரியில் போட்ட, ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளை கீழ் வரிக்கு வராது என்பதும் முதல் நாளே எல்லாரும் இடறுகிற இடங்கள். ஓட்டாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் பார்க்க "மேக் -என்" இருக்கிறது.

டிப்ளாய், அதாவது முடிந்த கோடைச் சர்வரில் ஏற்றுவது பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைல்களை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் போதும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்பதால் எங்கள் லைனுக்கு ஏற்றது. "-என்" போட்டு ஒத்திகை பார்க்காமல் "--டிலீட்" தொடவேண்டாம், அது உங்கள் பக்கம் இல்லாத ஃபைல்களை அங்கே அழித்துவிடும். இதையும் மேக்ஃபைலில் "டிப்ளாய்: டெஸ்ட்" என்று எழுதிவிட்டால், டெஸ்ட் விழுந்தால் டிப்ளாய்க்குப் போகாது.

எல்லாம் கட்டி முடித்ததும், தனிக் கிளை ஒன்றில் வேண்டுமென்றே ஒரு டெஸ்ட்டை உடைத்துத் தள்ளுங்கள். சிவப்பு விழுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தப் பைப்லைனை ஆட்களுக்குக் கொடுங்கள். நான் பைப்லைன் ஃபைலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறேன். உடைக்க எடுப்பது அந்தக் குத்து டெஸ்ட்டைத்தான்.