பட்டம் வாங்கிய ராஜாக்கள்

கேள்வி: பிரிட்டிஷ் நாணயத்தில் அரசர் பெயரை ஒட்டி 'எஃப் டி' என்ற எழுத்துகள் இருக்கின்றன. 'விசுவாசத்தின் காவலர்' என்று போப் கொடுத்த பட்டமாம். இந்தக் காலத் தலைவர்கள் ஆள் வைத்துப் பட்டம் வாங்குகிறார்கள். அந்தக் கால மன்னர்கள் கத்தோலிக்க மதத்துக்காகப் போராடியல்லவா வாங்கினார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவர்களும் ஆள் வைத்துத்தான் வாங்கினார்கள். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு அந்த ஆள் அவருடைய முதன்மை அமைச்சர் கார்டினல் வூல்ஸி. பிரான்ஸ் ராஜா 'மகா கிறிஸ்தவ மன்னர்', ஸ்பெயின் ராஜா 'கத்தோலிக்க மன்னர்'. தனக்கு மட்டும் ஒன்றுமில்லையே என்பது ஹென்றியின் நெடுநாள் குறை. 1512-ல் போப் இரண்டாம் ஜூலியஸுக்கும் பிரான்ஸுக்கும் சண்டை முற்றியபோது, பிரான்ஸின் பட்டத்தைப் பிடுங்கி ஹென்றிக்குத் தர ஓலைகூடத் தயாரானது. அடுத்த வருடமே ஜூலியஸ் இறந்தார். பிரான்ஸ் புதிய போப் பத்தாம் லியோவோடு ராசியாகிவிட்டது. பட்டமும் போச்சு.

அப்புறம் கைகொடுத்தவர், ரோமை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர். திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களில் (ஞானஸ்நானம் போன்ற புனிதச் சடங்குகள்) பெரும்பாலானவற்றை அவர் 1520-ல் மறுத்து எழுதினார். ஹென்றி அதற்கு லத்தீனில் ஒரு மறுப்பு நூல் எழுதி, போப்புக்கே சமர்ப்பணம் செய்தார். (கூட இருந்து உதவியவர்கள் உண்டு. ராஜாக்கள் எழுதும் புத்தகங்களில் இதெல்லாம் சகஜம்.) ரோமிலிருந்த இங்கிலாந்துத் தூதர் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். 1521 அக்டோபர் 11 அன்று பட்டம் வந்தது. உறையிலிருந்து வாளை உருவாமலே!

நூலில் போப்பின் அதிகாரத்தை இவ்வளவு தூக்கிவைக்க வேண்டாம், நாளைக்கு அவரோடு பகை வரலாம் என்று ஹென்றியின் ஆலோசகர் தாமஸ் மோர் எச்சரித்ததாக அவருடைய மருமகன் எழுதிவைத்திருக்கிறார். ஹென்றி கேட்கவில்லை. பிறகு அதே ராஜா இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்றபோது மோர் ஒப்புக்கொள்ளவில்லை. 1535-ல் தலை போயிற்று.

போராடி வாங்கியதற்கு உதாரணம் வேண்டுமென்றால் ஸ்பெயினைச் சொல்லலாம். பெர்டினாண்டும் இசபெல்லாவும் பத்து வருடம் போர் நடத்தி 1492-ல் முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடாவைப் பிடித்தார்கள். ஆனால் பட்டம் வந்தது 1496-ல். இடையில் பிரான்ஸ் ராஜா படையோடு இத்தாலிக்குள் புகுந்து, ரோம் வழியாகவே நேப்பிள்ஸ் வரை போய்விட்டார். போப் ஆறாம் அலெக்சாண்டருக்கு ஸ்பெயின் படையின் தயவு தேவைப்பட்டது. அவரும் ஸ்பெயின்காரர்தான். யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியதும் அந்தப் பட்டயத்தில் ஒரு தகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. இதையும் போராட்டத்தில் சேர்ப்பீர்களா?

அந்தத் தம்பதியின் மகள் கேத்தரினைத்தான் ஹென்றி மணந்திருந்தார். கேத்தரினின் அக்காள் மகனும் ஸ்பெயின் ராஜாவுமான ஐந்தாம் சார்லஸின் படை 1527-ல் ரோமையே சூறையாடி, போப் ஏழாம் கிளமென்ட்டைக் கோட்டைக்குள் முடக்கியது. கத்தோலிக்க மன்னரின் படை செய்த வேலை இது! கேத்தரினோடு நடந்த கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி ஹென்றி கேட்டது அந்தச் சமயத்தில்தான். சார்லஸின் பிடியில் இருந்த போப், அவருடைய சித்தியைத் தள்ளிவைக்க எப்படிச் சம்மதிப்பார்? இங்கிலாந்து ரோமைவிட்டுப் பிரிந்தது. 1538-ல் ரோம் ஹென்றியைச் சபையிலிருந்து விலக்கியது, கொடுத்த பட்டமும் செல்லாமல் போனது. ஹென்றி கவலைப்படவில்லை. 1544-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதே பட்டத்தை அவருக்கும் வாரிசுகளுக்கும் கொடுத்தது. நாணயத்தில் நீங்கள் பார்த்தது இந்தச் சட்டம் கொடுத்த பட்டம். எந்த விசுவாசத்துக்குக் காவல் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

போர்ச்சுக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஜான் பிரேசில் தங்கத்தை ரோமுக்கு வாரி இறைத்து, 1748-ல் 'மகா விசுவாசமுள்ள மன்னர்' ஆனார். அவர் மகன் ஜோசப் காலத்தில், 1759-ல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் நாடு கடத்தப்பட்டார்கள். மறு வருடம் போப்பின் தூதரையும் வெளியேற்றினார்கள். பட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. 1910-ல் முடியாட்சி ஒழியும்வரை அவருக்குப் பின் வந்தவர்களும் விடவில்லை.