இறங்கும் வழியை முதலில் பாருங்கள்

கேள்வி: நாங்கள் 14 பேர். பொசன் போயா விடுமுறையில், திருகோணமலை கன்னியாவுக்கு அப்பால் காட்டுக்குள் தெரியும் மலையின் உச்சிக்கு ஏறி அன்றே திரும்ப நினைக்கிறோம். பாதை கிடையாது. எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? போனில் இருக்கும் மேப் போதாதா? — ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: முதலில் நேரக் கணக்கு. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 1 கிலோமீற்றர். றோட்டில் அதைக் கால்மணி நேரத்தில் நடந்துவிடலாம். நம் காட்டில் சூரை முள் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, அதே தூரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். 14 பேர் என்றால் இன்னும் கூடும். ஒருவர் காலில் முள் ஏறினால் 13 பேர் வெயிலில் நிற்க வேண்டும். ஏழு ஏழு பேராக இரண்டு நாட்களில் போங்கள்.

விடியும்போதே அடிவாரத்தில் இருங்கள். பகல் 12 மணி ஆனதும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஆறரைக்குப் பொழுது படும் என்றாலும் மரங்களுக்குக் கீழே ஐந்தரைக்கே மங்கிவிடும். இந்த முடிவை வீட்டிலேயே எல்லோரும் கூடி எடுங்கள், உச்சிக்குக் கிட்டப் போன பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். ஏறும்போது வழி தவறுவது குறைவு, இறங்கும்போதுதான் தவறும். மலையின் முதுகு போல நீண்டு கிடக்கும் மேடுகள் மேலே போகப் போக ஒன்றுசேர்ந்து உச்சியில் முடியும். எந்த மேட்டில் ஏறினாலும் அங்கேதான் போய்ச் சேருவீர்கள். கீழே வரும்போது அதே மேடுகள் கை விரல்கள் மாதிரி விரிந்து பிரியும். ஒருமுறை உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு பாலை மரத்தைச் சுற்றி இடப்பக்கமாகக் கொஞ்சம் விலகிவிட்டேன். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒரு குளக்கட்டில் நின்றோம். வாகனம் மலைக்கு மறுபக்கம். கூட வந்த பொடியன் ஒருவனுக்குத் தண்ணீர் முடிந்து உதடு வெடித்திருந்தது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் ஏறும்போதே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது காடு அந்தப் பக்கத்தைத்தான் காட்டும். பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, கண் மட்டத்தில் கொப்புகளில் துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டு போங்கள். சிவப்பு நிறம் வேண்டாம், நம் பக்கத்தில் சிவப்பு என்றால் கண்ணிவெடி நினைவுதான் வரும். கத்தியால் வெட்டி வழி எடுப்பதும் வேண்டாம். சரிவாக வெட்டுப்பட்ட சிறு தண்டு ஈட்டி மாதிரி நிற்கும், இறங்கும்போது வழுக்கினால் முழங்காலில் ஏறும். காப்புக் காடு என்றால் வெட்டுவது குற்றமும்கூட.

போன் பாதித் துணைதான். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்து, ஏறும் தடத்தைப் பதிய விடுங்கள். ஆனால் போன் கல்லில் விழும், சார்ஜ் இறங்கும். ஒரு கொம்பாஸும் தாள் வரைபடமும் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

மாதத்தையும் மாற்றச் சொல்வேன். பொசன் வரும் ஜூனில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அனலாக வீசும். அப்புறம் அது பாலைப்பழக் காலம், பழத்துக்குக் கரடி வரும். வாடை மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் நல்லது. எந்த மாதமானாலும் பேசிக்கொண்டே நடங்கள், கற்குகைக்குள் தலையை நீட்டாதீர்கள். ஈரம் காயாத யானை லத்தியைக் கண்டால் அன்றைக்கு அதோடு திரும்பிவிடுங்கள். பாறையில் பெருந்தேன் கூடு தொங்கினால் புகை, சத்தம் எதுவும் வேண்டாம், தள்ளிப் போங்கள்.

புறப்படுவதற்கு முன் வனத் திணைக்கள அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், கிராம சேவகரிடமும் விசாரியுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை இருந்த இடமா என்று ஊராருக்குத் தெரியும். அங்கே மாடு மேய்ப்பவர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போனால் பாதிக் கவலை தீரும்.

ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பைக்கற், நீளக் காற்சட்டை, சப்பாத்து, டோர்ச், விசில். இவற்றில் எதையும் குறைக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடித்த காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், சிக்னல் கிடைத்ததும் அம்புலன்ஸ் எண் 1990க்கு எடுங்கள். மாலை 6 மணிக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் பொலிஸ் எண் 119க்குச் சொல்லும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

வழி தெரிந்தவர் முன்னால், நிதானமானவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. இறங்கும்போது சாரத் துண்டுகளை அவிழ்த்து எண்ணிக்கொண்டு வருவதும் அவர் வேலைதான். கட்டியது 40 என்றால் அவர் கையில் 40 இருக்க வேண்டும். குறைந்தால் அந்த இடத்திலேயே எல்லோரும் நில்லுங்கள், எங்கோ மேடு மாறிவிட்டீர்கள்.