லாகோஸில் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா?

தம்பி, இக்கேஜா அலுவலகத்தில் சேர்ந்த கையோடு ஊழியர் பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள், நிறைய யொரூபாப் பெயர்கள் (லாகோஸ் இருக்கும் தென்மேற்கு நைஜீரியாவின் இனமும் மொழியும்தான் யொரூபா), யாருக்கு மிஸ்டர் யாருக்கு மிஸ் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் தொடங்கும் விதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓலு, அடே, ஆயோ என்றால் கடவுள், கிரீடம், மகிழ்ச்சி. ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். 2023-இல் அதிபரான போலா டினுபு ஆண், அவர் மனைவி ரெமி, ஆனால் போலா என்று பெண்களும் ரெமி என்று ஆண்களும் இங்கே தாராளமாக உண்டு. இரட்டைப் பிள்ளைகளிலும் அப்படித்தான், முதலில் பிறந்தது டைவோ, அடுத்தது கெஹிண்டே, ஆணோ பெண்ணோ கவலையில்லை. (இதில் பின்னால் பிறந்த கெஹிண்டேதான் மூத்தவராம், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி டைவோவை முன்னால் அனுப்பினாராம்!)

பெயர் முடிகிற இடம் கொஞ்சம் உதவும். ஃபோலாகே, ரோங்கே, அடேனிகே என்று 'கே'யில் முடிந்தால் பெரும்பாலும் பெண், சீராட்டுவது என்ற பொருள் அதில் இருக்கிறது. முஸ்லிம் பெயர்களில் ரஷீத் ஆண், ரஷீதத் பெண். தாத்தா இறந்தபின் பிறந்த பையன் பாபாடுண்டே, பாட்டி இறந்தபின் பிறந்த பெண் யெடுண்டே அல்லது இயாபோ. கொடி சுற்றிப் பிறந்தால் பையன் ஓஜோ, பெண் ஐனா. அப்புறம் ஒரிகி என்று வீட்டில் பெரியவர்கள் கொஞ்சிக் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு, அதில் ஆண் பெண் தெளிவாகப் பிரியும்: அஜானி, அகானி ஆண்கள், அபேகே, அஷாபி பெண்கள். ஆனால் அகானியும் பாபாடுண்டேயும் குடும்பப் பெயராகவும் வரும், அப்போது அது அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ, மேசையில் இருப்பவர் பெண்ணாகவும் இருக்கலாம்.

சக ஊழியர் பேச்சிலிருந்து பிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். யொரூபாவில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல், அதனால் சிலர் ஆங்கிலத்திலும் ஹி, ஷி இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

சந்தேகம் வந்தால் மிஸ்டர், மிஸ் எதுவும் இல்லாமல் முழுப் பெயரை எழுதுங்கள், இல்லையென்றால் வரவேற்பில் இருப்பவரிடம் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பட்டியலில் அல்ஹாஜி, அல்ஹாஜா, சீஃப், இன்ஜினியர் என்று பட்டம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் இங்கே கோபம் வரும்.