மகனுக்கு ஆறே மாதத்தில் வந்த தமிழ் அப்பாவுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: குழந்தைகள் புது மொழியைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு மட்டும் ஏன் வருவதில்லை? மூளையில் என்ன நடக்கிறது?

திருப்பூரில் சிறிய பவர் டேபிள், அதாவது துணி தைக்கும் பட்டறை, வைத்திருக்கிறேன். ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒருவர் பீகாரிலிருந்து வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மகனை மூன்று வயதில் அழைத்து வந்தார். ஆறே மாதத்தில் அவன் என் அம்மாவிடம் ‘ஏனுங்க ஆத்தா’ என்று இழுத்துப் பேச ஆரம்பித்துவிட்டான். அப்பாவோ இன்றும் ‘பையன் பல்லிக்குப் போயிருக்கிறான்’ என்கிறார். ‘பல்லி இல்லைங்கப்பா, பள்ளி’ என்று மகன் திருத்துகிறான்.

‘எட்டு வருடம் இருந்தும் தமிழ் பேச அக்கறையில்லை’ என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் பேசி வளர்ந்த இந்தியில் ‘ள’ கிடையாது. அவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் 6–8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். 10–12 மாதத்தில் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. வீட்டில் புழங்கும் ஒலிகளுக்கு மூளை காதைத் தீட்டிக்கொள்கிறது. அங்கே பொருள் மாற்றாத வேறுபாடுகளைத் தள்ளிவிடப் பழகுகிறது. என் காதும் அப்படித்தான். இந்தியில் உணவுக்கும் ஒற்றைக்கண்ணருக்கும் உள்ள சொற்களைப் பையனின் அப்பா பலமுறை சொல்லிக் காட்டினார். என் காதுக்கு இரண்டுமே ‘கானா’தான்.

ஆனால் முதல் பிறந்தநாளோடு கதவு அடைபட்டுவிடுவதில்லை. மூன்று வயதில் மூளை இன்னும் நன்றாக வளைந்து கொடுக்கும். ஒருநாள் அந்தப் பையன் ‘பந்தைப் போடினேன்’ என்றான். எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஓடினேன், ஆடினேன் என்று கேட்டதிலிருந்து ஒரு விதியை அவன் மூளை தானாகவே உருவியெடுத்திருக்கிறது! எவ்வளவு பெரிய வேலை அது. யாரும் திருத்தாமலே பிறகு ‘போட்டேன்’ என்று ஆகிவிட்டது.

வயதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. 2003-இல் பாட்ரிசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் அந்த ஒலிகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் பதியவில்லை. மகனுக்கு ஆத்தா இருந்தார், தெருப்பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவிடம் நாங்கள் எட்டு ஆண்டுகளாகப் பேசியதெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவே ‘இதை எடு, அதை வை’ மட்டும்தான். தவறு எங்களுடையது.

பெரியவர்களின் காதையும் பழக்கலாம். ஆங்கிலத்தின் ஆர், எல் ஒலிகளைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களுக்கு, பலருடைய குரல்களில் அந்தச் சொற்களைக் கேட்கச் செய்து பயிற்சி தந்தபோது முன்னேற்றம் தெரிந்ததாக 1991-இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த பிறகு, டீ இடைவேளையில் மெஷின்களை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சொல்லாக அவரிடம் சொல்கிறோம்: புலி, புளி, வலை, வளை. முழு வாக்கியமாகவும் பேசுகிறோம்.

நேற்று செக்கிங் அக்கா சொன்னதில் எது புலி, எது புளி என்று ஒருமுறைகூடத் தவறாமல் சொன்னார். ‘ள’ அவர் வாய்க்கு இன்னும் வரவில்லை. காதுக்கு வந்துவிட்டது.