4294967297: நிரல் ஏன் 1 என்கிறது?

4294967297-இன் காரணி கேட்டால் உங்கள் சி நிரல் வெறும் 1 காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். கணக்கில் பிழையில்லை, முழு எண்ணை 32 பிட்டில் வைக்கும் 'இன்ட்' வகைதான் வில்லன். இந்த எண் 2³² + 1. அதில் 2³² வெளியே வழிந்துபோக, மிச்சம் நிற்பது 1. அதற்குப் பதில் 64 பிட் இடம் தரும் 'லாங் லாங்' வகையைப் போடுங்கள். 641 × 6700417 என்று வந்துவிடும்.

அப்புறம், 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இதன் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1தான். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577; ஐந்தாவதே 641! தாளிலேயே போட்டுவிடலாம். கணித மேதை ஃபெர்மா 4294967297-ஐப் பகா எண் என்றே நம்பினார், பாவம். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைத்துக் காட்டினார்.

எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப், காட்டும் பிரிண்ட்எஃப் இரண்டிலும் எண்ணின் வகையைச் சொல்லும் வடிவக் குறிகளையும் சேர்த்து மாற்றுங்கள். அதை மறந்து நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.