குழாய் நம் தோட்டத்தில், தண்ணீர் பக்கத்து ஊருக்கு

கேள்வி: எங்கள் ஊரில் ஊராட்சித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான். ஆனால் நகராட்சிக்குப் போகிற பெரிய குழாய் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரமாகவே போகிறது. வெளிநாட்டில் அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே அமைப்பு வைத்துத் தண்ணீர் விடுகிறார்களாமே? இங்கேயும் வந்தால் எங்களுக்குக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: கிடைக்கலாம் அம்மா, எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. போன கோடையில் இப்படி ஒரு குழாயின் இணைப்பில், பழைய சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்த இடத்தில், சொட்டுகிற தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டு ஒரு அம்மா இலை பறித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "டவுன் தண்ணியில எங்க பங்கு இதான் சார்" என்று சிரித்தார்.

'அதான் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருக்கிறதே' என்பார்கள். அது வேறு. 1971-ல் வந்த குடிநீர் வடிகால் வாரியம் அணையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ எடுத்து மொத்தமாகத் தருகிறது, ஊர்கள் காசு கட்டி வாங்கித் தெருவுக்கு விடுகின்றன, அதாவது ஊர் வெறும் வாடிக்கையாளர். நீங்கள் சொல்கிற அமைப்பில் ஊர்களே பங்குதாரர்கள், கணக்கு வழக்கைக் கேட்கிற உரிமையும் நஷ்டம் வந்தால் தலையில் விழுகிற பாரமும் சேர்ந்தே வரும். நெதர்லாந்தில் நாடு முழுக்கக் குடிநீர் கொடுப்பது பத்தே நிறுவனங்கள், பங்குகள் எல்லாம் நகராட்சிகளிடமும் மாகாணங்களிடமும்.

நமக்குப் பாடம் வெலிங்டனில் இருக்கிறது. குன்னூர் பக்கத்து வெலிங்டன் என்று நினைத்துவிடாதீர்கள், நியூசிலாந்துத் தலைநகர் (இரண்டுக்கும் ஒரே பிரபுவின் பெயர்தான்). அங்கே 2014-ல் அக்கம்பக்கத்து மாநகர மன்றங்களும் வட்டார மன்றமும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கின. ஆனால் குழாய்கள் அந்தந்த மன்றத்தின் சொத்தாகவே இருந்தன, பராமரிப்புக்கு எவ்வளவு பணம் என்பதையும் மன்றங்களே தனித்தனியாகத் தீர்மானித்தன. பழைய குழாய்கள், பற்றாத பணம், ஒரு கட்டத்தில் விட்ட தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு மண்ணுக்குள் ஒழுகியது, திட்டு முழுக்க நிறுவனத்துக்கு. கடைசியில் 2025-ல், குழாயையும் சேர்த்தே ஒப்படைக்கிற வேறு அமைப்புக்கு மாற முடிவு செய்தார்கள்.

சரி, நம்ம மலைக்கு வருவோம். இங்கே அணை பள்ளத்தில், வீடு மேட்டில். குன்னூருக்கு ரேலியா அணை போதாமல் எமரால்டு அணையிலிருந்து குழாய் போட வேண்டியிருந்தது. பத்து லட்சம் லிட்டரை 100 மீட்டர் மேலே ஏற்ற, மோட்டார் நன்றாக இருந்தாலே 400 யூனிட் கரண்டாவது ஆகும், தேய்ந்த மோட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் ஊராட்சி இதைத் தனியாகத் தாங்குவது கஷ்டம். ஒரே அமைப்பு என்றால் நல்ல மோட்டார், உபரிக்கு இன்னொன்று, ஒரு படித்த பொறியாளர், தண்ணீரைச் சோதிக்க ஒரு ஆய்வகம் எல்லாம் பகிர்ந்து கட்டுப்படியாகும். ஆனால் மேட்டு ஊருக்கு ஏற்றுகிற செலவைப் பள்ளத்து ஊரும் பகிருமா? அங்கேதான் சண்டை வரும். அப்புறம் அளவு. மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் கிராமத்து ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்து ஆளுக்கு விதிமுறைப்படி 135. ஒரே அமைப்பு நடத்தும்போது இந்த இரண்டு கணக்கையும் ஒரே தெருவில் எப்படி வைத்திருப்பார்கள்?

சட்டத்தில் வழி இருக்கிறதா என்றால், ஊராட்சிகளும் நகராட்சிகளும் தண்ணீரைப் பகிர்வது உள்ளிட்ட பொது விஷயங்களைப் பார்க்க மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை அரசியலமைப்பின் 243 இசட்-டி பிரிவே சொல்கிறது. கேட்க வேண்டியது அங்கே. அதற்கு முன் உங்கள் கிராம சபையில் ஒரு தீர்மானம்: குழாய் கடந்துபோகிற ஒவ்வொரு ஊருக்கும் மீட்டர் வைத்த ஒரு கிளை, நிர்வாகக் குழுவில் ஓர் இடம். ஆள்தொகையை மட்டும் வைத்து ஓட்டு என்றால் நகரமே எப்போதும் ஜெயிக்கும், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அமைப்பு என்று ஆரம்பித்துக் கடைசியில் கம்பெனிக்கு விற்றுவிட மாட்டார்களா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: பயம் நியாயம்தான். நெதர்லாந்தில் குடிநீர் நிறுவனம் தனியார் கைக்குப் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கேயும் பங்கை ஊர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குன்னூரில் இன்று தண்ணீர் திறக்கிற நாள் என்று கேள்வி, எனக்கும் தொட்டியைக் கழுவ வேண்டும்.