குரோ பெட்டில் எந்தக் கல்லைப் போடுவது?

கேள்வி: மாடியில் 500 லிட்டர் தொட்டியில் ஜிலேபி மீன் வளர்க்கிறேன். அந்தத் தண்ணீரிலேயே கீரை, தக்காளி போட, நீல டிரம்மை நெடுக்காக அறுத்து குரோ பெட் (ஜல்லி நிரப்பிச் செடி வளர்க்கும் தொட்டி) செய்யப் போகிறேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ஒன்றரை ஜல்லி கிடக்கிறது, அதையே கொட்டலாமா? எவ்வளவு ஆழம் வேண்டும்? மரச்சட்டம் தாங்குமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: டிரம் நல்ல யோசனைதான். 200 லிட்டர் டிரம்மை நெடுக்காக அறுத்தால் நடுவில் கிட்டத்தட்ட ஒரு அடி ஆழம் கிடைக்கும், குரோ பெட்டுக்கு அந்த ஒரு அடி வேண்டும், குறைந்தால் தக்காளி வேருக்கும் பத்தாது, மீன் கழிவை உரமாக மாற்றும் பாக்டீரியாவுக்கும் இடம் பத்தாது. முன்பு அதில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, கெமிக்கல் இருந்த டிரம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

ஒன்றரை ஜல்லி வேறு வேலைக்கு ஆகட்டும். பாக்டீரியா ஒட்டி வாழ்வது கல்லின் மேற்பரப்பில், கல் பெரிதானால் அந்தப் பரப்பு குறைந்துவிடும், நாற்றும் பிடிப்பில்லாமல் ஆடும். முக்கால் ஜல்லி வாங்குங்கள், அரை ஜல்லி கலந்திருந்தாலும் சரி. கிரஷர் தூள் போகத் தண்ணீர் தெளியும்வரை அலசித்தான் கொட்ட வேண்டும்.

அளவைவிட முக்கியம் அது என்ன கல் என்பது. சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் தண்ணீரில் மெல்லக் கரைந்து பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவை, ஏற்றிவிடும். வாளையாறில் சிமென்ட் ஆலை வந்ததே அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான், அதனால் உங்கள் பக்கத்தில் வாங்கும் கல்லில் சுண்ணாம்பு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நாலைந்து கல்லை எடுத்துக் கழுவி, ஆணியால் கொஞ்சம் சுரண்டி, சுரண்டின இடத்தில் சமையல் வினிகரை விடுங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த லோடு வேண்டாம். சும்மா நனைந்து கிடந்தால் கருங்கல், தாராளமாகப் போடலாம். இந்த ஒரு சோதனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மரச்சட்டம் வேண்டவே வேண்டாம். அரை டிரம் ஜல்லியே 150 கிலோவுக்கு மேல் வரும், தண்ணீரும் சேர்ந்தால் 200 கிலோவைத் தொடும், மரம் நனைந்து நனைந்து உளுத்துப்போகும். ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வையுங்கள், அதுவும் தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து.

அப்புறம் தண்ணீர் மட்டம். ஒரு இஞ்ச் பிவிசி பைப்பை, டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு மாட்டும் டேங்க் நிப்பிளில் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலை ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு இஞ்ச் கீழே இருக்கும்படி அறுத்துவிடுங்கள். மேல் இரண்டு இஞ்ச் காய்ந்தே இருந்தால் பாசி பிடிக்காது, தண்டும் அழுகாது. அந்தப் பைப்பின்மேல் பெல் சைஃபன் (தலை மூடி, அடியில் வெட்டு விட்ட பெரிய பைப்) கவிழ்த்தால் பெட் நிறைந்து தானாக வடியும், வடியும்போது வேருக்குக் காற்று போகும். இவற்றைச் சுற்றி, ஓட்டை போட்ட நாலு இஞ்ச் பைப்பை நிறுத்தினால் ஜல்லி உள்ளே வராது, வேர் வந்து அடைத்தாலும் கைவிட்டு எடுத்துவிடலாம். மோட்டார், தொட்டித் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஒரு முறையாவது சுற்றவிட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரம் ஏற ஏறக் குறையும், அதனால் கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள். முதலில் இரண்டு அரை டிரம் போதும்.

கேள்வி: குரோ பெட் போட்டு நாலு மாதமாகிறது. மீன் நன்றாக இருக்கிறது, வெண்டையில் புது இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்கிறது. மீன் தீவனத்தைக் கூட்டலாமா?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: கூட்டாதீர்கள், தண்ணீர்தான் கெடும். நீங்கள் சொல்வது இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பு குறைவாகத்தான் இருக்கும், பிஎச் ஏறிவிட்டால் இருக்கிற இரும்பையும் செடியால் எடுக்க முடியாது. பிஎச் 6.8 முதல் 7 வரை இருந்தால் மீனுக்கும் செடிக்கும் ஒத்துவரும். பொதுவாக பாக்டீரியா வேலை செய்யச் செய்ய பிஎச் மெல்ல இறங்கும். உங்களுடையது இறங்காமல் 7.5-க்கு மேலேயே நின்றால், மேலே சொன்ன வினிகர் சோதனையை உங்கள் ஜல்லியிலும் செய்யுங்கள், போர் தண்ணீரையும் தனியாக அளந்து பாருங்கள். இப்போதைக்கு டிடிபிஏ வகை செலேட்டட் இரும்பை (செடி எளிதாக எடுத்துக்கொள்ளும் இரும்பு உரம்) உரக்கடையில் வாங்கிக் கொஞ்சமாகக் கலக்கலாம். கல்தான் காரணம் என்று தெரிந்தால் ஒரு பெட்டை மாற்றி, சில வாரம் விட்டு அடுத்ததை மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பாக்டீரியா மொத்தமாகப் போய் மீன் தொட்டியில் மீனைக் கொல்லும் அமோனியா ஏறிவிடும்.